டெண்ட்லயும் கார்லயும் படம் பாக்க ஸ்க்ரீன் வாங்கப் போறீங்களா? முதல்ல கரண்ட்டுக்கு கணக்கு போடுங்க

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல டெண்ட் போட்டு, ராத்திரி பசங்களுக்கு பெரிய ஸ்க்ரீன்ல படம் காட்டுறேன்னு வாய விட்டுட்டு, கடைசில எட்டு பேரு என் போன சுத்தி தலைய முட்டிக்கிட்டு பாத்தோம், அந்த கதைல இருந்துதான் இந்த கட்டுரையே. டிவி இல்லாம இல்ல, 24 இன்ச் டிவி, பொட்டி மேலயே "12 வோல்ட்"னு பெருசா போட்டிருந்துச்சு, கார் சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற வயரும் கூடவே வந்துச்சு. ஆனா கார் நிக்கிறது கார்பார்க்ல, டெண்ட் இருக்கிறது கடலோரம், நடுவுல சைக்கிள் பாதை, ஒரு பார்பிக்யூ பிட், அப்புறம் நாலு குடும்பம். வயரோட நீளம் ஒண்ணரை மீட்டர்.

இணையத்துல இந்த விஷயத்த பத்தி தேடினா வர்றதெல்லாம் இங்கிலாந்து, ஆஸ்திரேலியாக்காரங்க கேரவன்ல மாட்டுற டிவி பத்திதான் இருக்கும். அவங்களுக்கு படுக்கை, அடுப்பு, பேட்டரி எல்லாம் வண்டிக்குள்ளயே இருக்கு, டிவியும் பேட்டரியும் பக்கத்து பக்கத்துல. நமக்கு அப்படி இல்லையே, நம்ம வண்டி ஒரு பக்கம் நாம ஒரு பக்கம். அதனால இங்க ஸ்க்ரீன் வாங்குறப்ப "எத்தன இன்ச்"னு ஆரம்பிக்காதீங்க, "கரண்ட் எங்க இருந்து வரும், அத யாரு தூக்கிட்டு நடப்பா"ன்னு ஆரம்பிங்க. இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா பாதி கடை தானா கழிஞ்சிடும்.

படி 1: எங்க வச்சு பாக்கப் போறீங்க?

நம்ம ஊருக்காரங்களுக்கு மொத்தமே மூணு நிலைமைதான். ஒண்ணு, பார்க் கேம்பிங். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், இல்லன்னா பம்போட் (சின்ன மோட்டார் படகு) ஏறி புலாவ் உபின் தீவு. இங்கெல்லாம் கரண்ட் பாயிண்ட்ட எதிர்பாக்காதீங்க, கையில தூக்கிட்டு போறதுதான் கரண்ட். கார்பார்க்ல இஞ்சின ஓட விட்டு அதுல இருந்து எடுக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு, சிங்கப்பூர்ல வண்டிய நிறுத்திட்டு சும்மா இஞ்சின் ஓட விடுறதே குற்றம், ஃபைன் வரும், அத மறந்துடுங்க.

ரெண்டாவது, ஓடுற கார். ஜேபி (ஜோகூர் பாரு) தாண்டி மலாக்கா, ஈப்போ, கேமரன் ஹைலண்ட்ஸ், பினாங்குன்னு மேல போறவங்க. பினாங்கு இங்க இருந்து கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், வூட்லண்ட்ஸ் பார்டர் ஜாம்ல மாட்டுற நேரம் தனி. இங்க கரண்டுக்கு பஞ்சமே இல்ல, இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. பிரச்சனை இடமும் பாதுகாப்பும்தான்.

மூணாவது, மலேசியாவுல ஹோம்ஸ்டே, சாலே மாதிரி எடுத்து தங்குறவங்க. அங்க சுவத்துல நம்ம ஊரு மூணு பின் ப்ளக்கேதான் இருக்கும், வோல்டேஜும் ஏறக்குறைய நம்ம வோல்டேஜ்தான். நீங்க லோ வோல்டேஜ் ஸ்க்ரீன் (12 வோல்ட்லயோ யூஎஸ்பிலயோ ஓடுறது) எதுவும் வாங்க வேணாம், அங்க இருக்கிற டிவில மாட்ட ஒரு எச்டிஎம்ஐ வயர் எடுத்துட்டு போங்க போதும், காசு மிச்சம்.

நாலாவதா ஒரு சின்ன கூட்டம் இருக்கு, எலக்ட்ரிக் கார் வச்சிருக்கிறவங்க. சில மாடல்ல கார் பேட்டரில இருந்தே 230 வோல்ட் வெளிய எடுக்கலாம், வீட்டு டிவியயே ஓட்டலாம். ஆனா அவங்க காரும் அதே கார்பார்க்லதான் நிக்கும், பார்க் கேம்பிங்குக்கு அவங்களும் நம்ம கூட்டம்தான்.

படி 2: வாட் கணக்கு

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமா படிங்க. ஸ்க்ரீன் எத்தன வாட் சாப்பிடுதோ அத எத்தன மணி நேரம் ஓடுதோ அதால பெருக்குங்க, வர்றது வாட்-ஹவர். பேட்டரி மேலயும் வாட்-ஹவர்னு ஒரு எண் போட்டிருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்கணும், அவ்வளவுதான் மொத்த கணக்கும்.

சுமாரா சொல்றேன். டேப்லெட் 5ல இருந்து 10 வாட். 15.6 இன்ச் போர்ட்டபிள் மானிட்டர், அதான் லேப்டாப்புக்கு ரெண்டாவது ஸ்க்ரீனா வைப்பாங்களே மெல்லிசா, அது 8ல இருந்து 12. 19 இன்ச் எல்இடி டிவி 15ல இருந்து 25. 24 இன்ச் 25ல இருந்து 40. சின்ன ப்ரொஜெக்டர் 30ல இருந்து 65 வரைக்கும் போகும். இன்டர்நெட்ல இருந்து படத்த எடுத்து அனுப்புற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் தனியா மாட்டினா அதுக்கு ஒரு 4 வாட் சேத்துக்குங்க.

இப்ப நம்ம தமிழ் படம் ஒண்ணு ரெண்டே முக்கால் மணி நேரம்னு வச்சுக்குவோம் (வெள்ளைக்காரன் படம்னா ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சிடும், அவன் கணக்கு நமக்கு ஆகாது). போர்ட்டபிள் மானிட்டர் 10 வாட், ஸ்டிக் 4 வாட், ஆக 14, பெருக்கினா ஏறக்குறைய 39 வாட்-ஹவர். அதே படம் 24 இன்ச் டிவில 30 வாட் பிளஸ் 4, கிட்டத்தட்ட 94 வாட்-ஹவர். ஒரே படம், ஒரே கதை, ரெண்டு மடங்குக்கு மேல கரண்ட்.

பவர் பேங்க்ல ஒரு சூட்சுமம் இருக்கு. 20,000 எம்ஏஎச்னு போட்டிருக்கிறத பாத்து மலைச்சிடாதீங்க, அந்த எண் உள்ள இருக்கிற செல்லோட 3.7 வோல்ட்டுக்கு போட்ட எண். 20,000 எம்ஏஎச்னா 20 ஆம்ப்-ஹவர், அத 3.7ஆல பெருக்கினா 74 வாட்-ஹவர்தான். வோல்டேஜ் ஏத்தி வெளிய அனுப்புறப்ப சூடா கொஞ்சம் போயிடும், கைக்கு 60 வந்தா நல்ல பவர் பேங்க்னு சொல்லுவேன். அப்ப மானிட்டர்ல ஒரு படம் முழுசா, ரெண்டாவது படம் இன்டர்வெல் வரைக்கும். டிவில ஒரு படம் கூட முழுசா ஓடாது, கிளைமாக்ஸுக்கு முன்னாடியே இருட்டிடும்.

டிவிதான் வேணும்னா பவர் ஸ்டேஷன்னு விக்கிறாங்களே, கைப்பிடி வச்ச பொட்டி, அதுக்கு போகணும். ஆரம்பிக்கிறவங்களுக்கு 250 வாட்-ஹவர் பக்கத்துல இருக்கிற சைஸ் போதும், எடை மூணு மூணரை கிலோ இருக்கும். அதுல 12 வோல்ட் சாக்கெட்டும் இருக்கும், வீட்டு ப்ளக் மாதிரி ஏசி சாக்கெட்டும் இருக்கும். எல்லாரும் பழக்கதோஷத்துல ஏசில சொருகுவாங்க. அப்படி சொருகினா பேட்டரியோட டிசி கரண்ட் 230 வோல்ட் ஏசியா மாறி, திரும்பவும் டிவி அடாப்டர்ல 12 வோல்ட் டிசியா மாறி வருது, ரெண்டு இடத்துலயும் நஷ்டம், அது போக இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்கிறதுக்கே தனியா சாப்பிடும். நேரா 12 வோல்ட்லயோ யூஎஸ்பி-சிலயோ எடுங்க. லோ வோல்டேஜ் ஸ்க்ரீன் வாங்குறதோட லாபமே இங்கதான் இருக்கு, அத ஏசில சொருகினா எதுக்கு தேடி தேடி வாங்கினோம்?

கார் பேட்டரியையே நம்பலாமான்னு கேப்பீங்க. சின்ன கார்ல 45 ஆம்ப்-ஹவர் மாதிரி இருக்கும். 24 இன்ச் டிவி 2.5 ஆம்ப் இழுக்கும், நாலு மணி நேரத்துல 10 ஆம்ப்-ஹவர், பேப்பர்ல பாத்தா பரவால்லையேன்னு தோணும். ஆனா அது இஞ்சின ஸ்டார்ட் பண்றதுக்குன்னு செஞ்ச பேட்டரி, கொஞ்ச நேரம் நிறைய கரண்ட் குடுக்கத்தான் தெரியும், மெதுவா காலி பண்ணா சீக்கிரம் கெட்டுப்போகும், நம்ம ஊரு வெயில்ல ஏற்கனவே ஆயுசு கம்மி. சாவிய ஆன்ல வச்சா ரேடியோ, டேஷ்போர்டுன்னு மத்ததும் சேந்து குடிக்கும். என் மச்சான் ஒரு தடவ தேசாரு பீச் பக்கம் இப்படித்தான் படம் போட்டான், காலைல கார் "டிக் டிக்"னு சொன்னதோட சரி. ஜம்பர் கேபிளோட ஒரு மலாய்க்கார அங்கிள் வந்து சேர்ற வரைக்கும் அவன் பொண்டாட்டி பேசினத எல்லாம் இங்க எழுத முடியாது.

படி 3: பின்னாடி ஒட்டியிருக்கிற சீட்ட படிங்க

ஸ்க்ரீனோட முதுகுல, அடாப்டர் மேல, பொடி எழுத்துல போட்டிருக்கிறதுதான் உண்மை, பொட்டி மேல பெருசா போட்டிருக்கிறது விளம்பரம்.

நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, கார்ல இருக்கிறது 12 வோல்ட்டே இல்ல. இஞ்சின் நின்னப்ப, ஃபுல் சார்ஜ்ல 12.6. இஞ்சின் ஓடுறப்ப 14.4 பக்கம் வரைக்கும் ஏறும். ஸ்டார்ட் பண்ற அந்த ஒரு நொடில 10க்கு கீழ கூட இறங்கும். காருக்குன்னே செஞ்ச டிவில "9-30 வோல்ட்" இல்லன்னா "10-30 வோல்ட்"னு ரேஞ்ச் போட்டிருப்பாங்க, அது இந்த ஏத்த இறக்கத்த தாங்கும், 24 வோல்ட் லாரி வேன்லயும் ஓடும். வெறும் "12 வோல்ட்"னு மட்டும் போட்டிருந்தா அது வீட்டு அடாப்டரோட சீரான 12 வோல்ட்ட நம்பி செஞ்சது. கார்ல போட்டா ஓடலாம், ஓடாம போகலாம், ரெண்டு மாசம் ஓடிட்டு புகையலாம். அப்படிப்பட்ட டிவி ஏற்கனவே வீட்ல கிடந்தா தூக்கி போடாதீங்க, 12 வோல்ட்ட சீரா வச்சுக்கிற சின்ன கன்வெர்ட்டர் ஒண்ணு நடுவுல மாட்டினா போதும், சிம் லிம் டவர்ல எலக்ட்ரானிக் பார்ட்ஸ் விக்கிற கடைல கேட்டு பாருங்க.

சில டிவி, மானிட்டர் பின்னாடி 19 வோல்ட்னு இருக்கும். பொட்டில "லோ வோல்டேஜ்"னு போட்டது பொய் இல்ல, ஆனா 12ல நேரா ஓடாது, ஏத்திக் குடுக்கிற கன்வெர்ட்டர் வேணும். புதுசா வாங்குறவங்க அந்த தலைவலி இல்லாதத வாங்குங்க.

ப்ளக் சைஸ்ல ஒரு வம்பு இருக்கு. உருளையா இருக்கிற டிசி ப்ளக் வெளிய 5.5 மிமீ, உள்ள ஓட்டை 2.1 மிமீ ஒண்ணு, 2.5 மிமீ ஒண்ணு. கண்ணால பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாத்தி போட்டா ஒண்ணு உள்ளயே போகாது, இன்னொண்ணு போகும் ஆனா லூஸா உக்காந்து, கார் குலுங்குறப்பல்லாம் ஆஃப் ஆகி ஆன் ஆகும். பிளஸ் நடுவுலயா வெளியவான்னு ஒரு சின்ன படம் வரைஞ்சிருப்பாங்க, பெரும்பாலும் நடுவுலதான் பிளஸ், ஆனாலும் அடாப்டர் படமும் டிவி படமும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு சொருகுங்க, மாத்தி சொருகினா டிவி உங்கள மன்னிக்காது.

யூஎஸ்பி-சி மானிட்டர்னா இந்த கவலை எல்லாம் கம்மி. பவர் பேங்க்கும் ஸ்க்ரீனும் பேசி எத்தன வோல்ட்னு தாங்களே முடிவு பண்ணிக்கும், 5, 9, 15, 20ன்னு. ஆனா பவர் பேங்க் பிடி (பவர் டெலிவரி) சப்போர்ட் பண்ணணும், 30 வாட்டுக்கு மேல ஒரே போர்ட்ல குடுக்கிறதா பாத்துக்குங்க. அப்புறம் ஒரு அனுபவம். ரெண்டு மூணு போர்ட் இருக்கிற பவர் பேங்க்ல ஸ்க்ரீன் ஓடிக்கிட்டிருக்கிறப்ப இன்னொருத்தர் போன சொருகினா, நிறைய பவர் பேங்க் கரண்ட்ட திரும்ப பங்கு பிரிக்கும், அந்த ஒரு நொடி ஸ்க்ரீன் அணைஞ்சு திரும்ப வரும். எங்க வீட்ல வில்லன் சாகுற சீன்ல மாமா வந்து சார்ஜர சொருகினாரு. படம் பாக்குற பவர் பேங்க்குக்கு அது ஒண்ணுதான் வேலைன்னு முன்னாடியே சொல்லி வைங்க.

படி 4: எந்த ஸ்க்ரீன்

என் கருத்த நேரா சொல்லிடுறேன், சண்டைக்கு வராதீங்க. முதல் தடவ வாங்குறவங்க, ரெண்டு மூணு பேர் பாக்குறவங்க, 15.6 இன்ச் யூஎஸ்பி-சி மானிட்டர் வாங்குங்க. ஒரு கிலோக்கு கீழதான் இருக்கும், பைல போகும், கேம்ப்பிங் இல்லாத நாள்ல ஆபீஸ் வேலைக்கும் ஆகும். எச்டிபி வீட்ல (அரசாங்க அடுக்குமாடி வீடு) சாமான் வைக்க இடமே இல்லாதப்ப வருஷத்துக்கு மூணு தடவ மட்டும் எடுக்கிற டிவிய ஸ்டோர் ரூம்ல வச்சு என்ன பண்ணப் போறீங்க? அஞ்சாறு பேருக்கு மேலன்னா 19, 24 இன்ச் 12 வோல்ட் டிவி, கூட பவர் ஸ்டேஷன். சின்ன பசங்க ரெண்டு பேரு மட்டும் கார் பின் சீட்லன்னா புதுசா எதுவும் வேணாம், வீட்ல இருக்கிற டேப்லெட்டே போதும்.

வாங்குறப்ப பேனல் ஐபிஎஸ்ஸான்னு கேளுங்க, அதான் எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் படம் மாறாத வகை. இது டெண்ட்டுக்கு ரொம்ப முக்கியம். விலை குறைஞ்ச டிவில டிஎன் பேனல் இருக்கும், நேரா பாத்தா நல்லாத்தான் இருக்கும், கீழ இருந்து பாத்தா முகமெல்லாம் நெகட்டிவ் மாதிரி கருத்துடும். டெண்ட்ல யாராவது நேரா நாற்காலில உக்காந்து பாக்குறாங்களா? ஒருத்தர் படுத்திருப்பாரு, ஒருத்தர் சாஞ்சிருப்பாரு, ஒரு குழந்தை தலைகீழா கிடக்கும்.

வெளிச்சத்த நிட்ஸ்ல சொல்லுவாங்க, போர்ட்டபிள் மானிட்டர் 250, 300 இருக்கும். பட்டப்பகல்ல வெளிய பாக்கணும்னா 1000 பக்கம் வேணும், விலையும் அப்படி, கரண்ட்டும் அப்படி. ஆனா நமக்கு அது தேவையே இல்ல. நாம இருக்கிறது பூமத்திய ரேகை பக்கத்துல, வருஷம் பூரா ஏழு மணி வாக்குல சூரியன் இறங்கிடும், ஏழரைக்கு இருட்டு. ஐரோப்பால கோடைல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சமா இருக்கும், அவங்க அந்த 1000 நிட்ஸ வாங்கட்டும்.

ப்ரொஜெக்டர் ஆசை எல்லாருக்கும் வரும், வெள்ளை பெட்ஷீட்ட கட்டி ஊரே பாக்குற மாதிரி. எனக்கும் வந்துச்சு. கடற்கரை காத்துல பெட்ஷீட் ஆடி ஹீரோ முகம் கோணிக்கிட்டே இருந்துச்சு, ஈஸ்ட் கோஸ்ட்ல விளக்கு கம்பம் வேற பக்கத்துல, படம் பால் மாதிரி வெளுத்துப் போச்சு. உபின் மாதிரி நல்ல இருட்டுல, காத்து இல்லாத நாள்ல, அருமையா இருக்கும். அதுவும் பேட்டரி உள்ளயே இருக்கிற ப்ரொஜெக்டர்னா முழு வெளிச்சத்துல நம்ம படம் முடியிற வரைக்கும் தாங்குமான்னு கேட்டு வாங்குங்க, முக்கால்வாசி தாங்காது. பொட்டில போட்டிருக்கிற ஆயிரக்கணக்கான லூமென்ஸ நம்பாதீங்க, ஆன்சி லூமென்ஸ் (முறையா அளந்த வெளிச்சம்) எத்தனன்னு கேளுங்க, சொல்லலன்னா அடுத்த கடை.

படி 5: படம் எங்க இருந்து வரும்?

ஸ்க்ரீன வாங்கிட்டு வீட்டுக்கு வந்து போன சொருகினா சார்ஜ் ஆகும், படம் வராது. நிறைய பேரு மாட்டுற இடம் இதுதான். யூஎஸ்பி-சி ஓட்டை இருந்தா மட்டும் படம் வெளிய வராது, அந்த போர்ட் டிஸ்ப்ளேபோர்ட் சப்போர்ட் பண்ணணும். விலை கூடின போன்கள்ல பெரும்பாலும் இருக்கும், நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் நிறையவுல இருக்காது. ஐபோன்ல 15ல இருந்துதான் யூஎஸ்பி-சியே. கடைக்கு போறப்ப எந்த போன்ல பாக்கப் போறீங்களோ அந்த போனையே எடுத்துட்டு போய் சொருகி பாருங்க. வயரும் படம் கடத்துற வயரா இருக்கணும், போனோட வந்த சார்ஜிங் வயர் பெரும்பாலும் ஆகாது.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டினா ஹாட்ஸ்பாட் வேணும். எச்டில ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் போகும், மலேசியா ரோமிங் டேட்டால இத ஓட்டினா பினாங்கு போறதுக்குள்ள காலி. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு வைஃபைலயே டேப்லெட்ல இல்லன்னா லேப்டாப்ல டவுன்லோட் பண்ணிக்குங்க. இன்னொண்ணு, ஸ்டிக்க டிவியோட யூஎஸ்பி போர்ட்லயே சொருகி கரண்ட் எடுத்தா சில டிவி அரை ஆம்ப்தான் குடுக்கும், ஸ்டிக் பாதில ரீஸ்டார்ட் ஆகும். தனியா குடுங்க.

மீவாட்ச் ஆப்ல நம்ம ஊரு வசந்தம் சேனல் நிகழ்ச்சி பாத்துக்கலாம்னு நினைச்சீங்கன்னா, மலேசியா போற காஸ்வே தாண்டினதும் நிறைய நிகழ்ச்சி ஓடாது. ஆன்டெனா டிவின்னா டிவிபி-டி2 ட்யூனர் (டிஜிட்டல் ஒளிபரப்ப பிடிக்கிற பாகம்) இருக்கான்னு பாருங்க. சிங்கப்பூர்ல பழைய அனலாக் ஒளிபரப்பு 2018 கடைசியோட நின்னுச்சு, மலேசியால 2019ல நின்னுச்சு, ரெண்டு ஊர்லயும் இப்ப டிவிபி-டி2தான். வெறும் டிவிபி-டின்னு போட்ட பழைய ஐரோப்பா டிவிய யாராவது செகண்ட்ஹேண்ட்ல மலிவா குடுத்தா அது சும்மா மானிட்டர்தான்.

பென்டிரைவ்காரங்களுக்கு ஒரு வரி: சின்ன டிவிங்க பல நேரம் ஃபேட்32ன்னு ஒரு முறைல ஃபார்மேட் பண்ண பென்டிரைவ மட்டும்தான் படிக்கும், அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது, சவுண்ட் டிடிஎஸ்ல இருந்தா படம் ஓடும் பேச்சு வராது. வீட்ல ஓட்டி பாத்துட்டு கிளம்புங்க.

படி 6: வயரும் ஃப்யூஸும்

12 வோல்ட்ல வயர் நீளம் விளையாடுற மாதிரி 230ல விளையாடாது. 5 மீட்டர் நீளத்துக்கு மெல்லிசான 0.5 சதுர மிமீ வயர் போட்டா, போக அஞ்சு வர அஞ்சுன்னு 10 மீட்டர் செம்பு, 3 ஆம்ப் ஓடினா ஏறக்குறைய 1 வோல்ட் வழிலயே போயிடும். பாதி சார்ஜ்ல இருக்கிற பேட்டரி 12.2 குடுத்தா டிவிக்கு 11.2தான் சேரும், சில டிவி தானா அணையும், நீங்க பேட்டரி போச்சுன்னு நினைப்பீங்க. 1.5 சதுர மிமீ வயர்னா மூணுல ஒரு பங்குதான் நஷ்டம். அதவிட எளிது, பேட்டரிய டிவிகிட்ட வைங்க, வயர நீட்டாதீங்க.

கார் சாக்கெட் ஃப்யூஸ் பெரும்பாலும் 10ல இருந்து 15 ஆம்ப் வரைக்கும். டிவிக்கு தாராளம். அதே சாக்கெட்ல ஸ்ப்ளிட்டர் போட்டு டிவி, மெத்தைக்கு காத்தடிக்கிற பம்ப், சின்ன ஃப்ரிட்ஜ்னு மூணையும் மாட்டினா ஃப்யூஸ் போகும். போனா மாத்துறதுக்கு அதே ஆம்ப்ல ரெண்டு ஃப்யூஸ் க்ளவ் பாக்ஸ்ல போட்டு வைங்க, ஆம்ப் கூடினத போட்டு சமாளிக்காதீங்க, அடுத்து எரியிறது வயரா இருக்கும்.

சுவத்துல சொருகுற ஏசி அடாப்டர் வாங்குறப்ப சேஃப்டி மார்க் ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, சிங்கப்பூர்ல அது கட்டாயம். ஆன்லைன்ல வெளிநாட்ல இருந்து வர்ற மலிவு அடாப்டர்ல பல நேரம் இருக்காது.

ஓடுற கார்ல

பின் சீட் பசங்களுக்குன்னா ஹெட்ரெஸ்ட்ல ரெண்டு கம்பியையும் புடிக்கிற மாதிரி ஸ்டாண்ட் வாங்குங்க, ரப்பர் பேண்ட்ல தொங்குறது வேணாம். நார்த்-சவுத் ஹைவேல திடீர்னு ப்ரேக் போட்டா அந்த டேப்லெட் பறந்து வரும், யார் முகத்துலன்னு சொல்ல முடியாது. முன்னாடி டேஷ்போர்ட்ல, டிரைவர் கண்ணுல படுற இடத்துல படம் ஓடவே கூடாது, அது சட்டப்படியும் தப்பு. டேப்லெட்ட கையில புடிச்சு நோண்டிக்கிட்டே ஓட்டுறதும் 2015 பிப்ரவரில இருந்து போன் மாதிரியேதான் குற்றம், "அப்பா அடுத்த பாட்டு"ன்னு பின்னாடி இருந்து கத்தினாலும் கை போகக் கூடாது.

ஸ்க்ரீன மடில வச்சு குனிஞ்சு பாத்தா பிள்ளைங்களுக்கு வாந்தி வரும், கண்ணுக்கு நேரா இருந்தா கொஞ்சம் தேவலாம். கேமரன் ஏறுற வளைவு பாதைல மட்டும் எது எப்படி இருந்தாலும் அணைச்சிடுங்க, நான் சீட் கவர் கழுவின அனுபவத்துல சொல்றேன். ரெஸ்ட் ஏரியால நிறுத்திட்டு திரும்ப ஸ்டார்ட் பண்றப்ப ஸ்க்ரீன் ரீஸ்டார்ட் ஆனா பயப்படாதீங்க, மேல சொன்ன அந்த ஒரு நொடி வோல்டேஜ் இறக்கம்தான். முதல்ல ஸ்டார்ட், அப்புறம் ஸ்க்ரீன், அப்படி பழகிக்குங்க.

மழை, உப்பு, சூடு

வெயில்ல நிறுத்தின காருக்குள்ள 50 டிகிரிக்கு மேல போகும். ஸ்க்ரீனும் கெடும், லித்தியம் பேட்டரிக்கு அது இன்னும் மோசம், பவர் ஸ்டேஷன கார்ல விட்டுட்டு லஞ்ச் சாப்பிட போகாதீங்க. ஏசி கார்ல இருந்து ஜில்லுன்னு எடுத்த ஸ்க்ரீன உடனே வெளிய ஆன் பண்ணாதீங்க, நம்ம ஊரு ஈரக்காத்து அது மேல வேர்த்து தண்ணியா நிக்கும், கண்ணாடி போட்டவங்களுக்கு இது நல்லா தெரியும். பைக்குள்ளயே ஒரு அரை மணி நேரம் கிடக்கட்டும். கடலோரம் போய்ட்டு வந்தா ஈரத்துணிய நல்லா பிழிஞ்சு துடைச்சு, ப்ளக் முனைய காஞ்ச துணியால துடைச்சு வைங்க, உப்பு பச்சை பூத்துடும்.

மழைக்கு ஃப்ளைஷீட் (டெண்ட் மேல விரிக்கிற துணி) போதும்னு இருக்காதீங்க. சுமத்ரா ஸ்குவால், அதான் சுமத்ரா பக்கம் இருந்து வர்ற காத்து மழை, விடியக்காலைல வந்தா தண்ணி மேல இருந்து வராது, பக்கத்துல இருந்து வரும். ராத்திரி படம் முடிஞ்சதும் எல்லாத்தையும் மூடி வச்ச ப்ளாஸ்டிக் டப்பால போட்டுட்டுதான் தூங்கணும், ஈரத்துக்கு மட்டும் இல்ல, எறும்புக்கும். டிவியோட வெதுவெதுப்பான ஓட்டைக்குள்ள எறும்பு குடியேறும்னு நான் சொன்னா சிரிப்பீங்க, எங்க வீட்ல நடந்துச்சு.

சத்தத்துக்கு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும், ஸ்க்ரீன்ல இருக்கிறது கொசு கத்துற மாதிரிதான் இருக்கும். வாயசைப்பு முன்ன பின்ன வந்தா ப்ளூடூத்த விட்டுட்டு 3.5 மிமீ வயர போடுங்க. பார்க்ல பக்கத்து டெண்ட் மூணு மீட்டர்லதான் இருக்கும், பத்து மணிக்கு மேல ஆளுக்கொரு இயர்போன். பெர்மிட் எடுத்துட்டு வந்து ராத்திரில கம்ப்ளெயின்ட் வாங்கிட்டு போறதுல என்ன இருக்கு.

கிளம்புறதுக்கு முந்தின வாரம்

ஜேபி போறப்ப முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கான்னு மறக்காம பாக்குற நாம, இத மட்டும் பாக்குறதே இல்ல. ஒரு நாள் சாயங்காலம் ஹால்ல உக்காந்து, சுவத்துல எதுவும் சொருகாம, அதே பவர் பேங்க், அதே வயர், அதே போன், அதே ஸ்பீக்கர், ஒரு முழு படம் ஓட்டுங்க. ஆரம்பிக்கிறப்ப எத்தன சதவீதம், இன்டர்வெல்ல எத்தன, முடியிறப்ப எத்தனன்னு பேப்பர்ல எழுதுங்க. இன்டர்வெல்ல பாதிக்கு கீழ வந்துட்டா வெளிச்சத்த குறைங்க, ஸ்க்ரீன் கரண்ட்ல பெரும்பங்கு அந்த வெளிச்சத்துக்குத்தான் போகுது, இருட்டுல 60 சதவீதமே கண்ண கூசும். சில பவர் ஸ்டேஷன் கொஞ்சமா கரண்ட் எடுத்தா "யாரும் இல்ல"ன்னு நினைச்சு தானா அணையும், அந்த செட்டிங்கையும் அன்னிக்கே தேடி மாத்திடுங்க, கடற்கரைல இருட்டுல மேனுவல் படிக்க முடியாது.

நான் அப்படி டெஸ்ட் பண்ணப்ப எங்க அத்தை ரூம்ல இருந்து வந்து, ஃபேன் லைட் எல்லாம் அணைச்சிட்டு நாலு பேரு தரைல சின்ன ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருக்கிறத பாத்து, "பில்லு கட்டலையா மாப்ள?"ன்னு கேட்டாங்க. படம் முடியிறப்ப 31 சதவீதம் மிச்சம் இருந்துச்சு. அந்த சனிக்கிழமை உபின்ல அந்த 31 சதவீதத்துலதான் அவங்க சீரியல் ஓடுச்சு.